எலிக்கு ஜோடி புலி: சின்னக் குழந்தைகளுக்கு ஒத்த ஓசைச் சொற்களைப் பழக்கும் முறை

பாலர் வகுப்பில் ஒரு நாள் மூன்று படங்களை வரிசையாக வைத்தேன்: மயில், ரயில், கிளி. "இதில் எது சேராது?" என்று கேட்டேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தயங்காமல் ரயிலை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஏன் என்றேன். "அதற்கு இறக்கை கிடையாது, மிஸ்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் ஓசையைக் கேட்பதாக நினைத்துக்கொண்டேன். அவள் காதில் விழுந்தது பொருளைப் பற்றிய கேள்வி.

அந்த வயதில் சொல் வேறு, பொருள் வேறு என்பதே குழந்தைக்குத் தெரியாது. ரயில் என்றால் தண்டவாளத்தில் கூவிக்கொண்டு போவது, அவ்வளவுதான். அந்தப் பெயருக்குள் மயிலின் பெயரில் பாதி ஒளிந்திருக்கிறது என்று கேட்க வேண்டுமானால், பொருளை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு வெறும் சத்தத்தை மட்டும் கையில் எடுக்க வேண்டும். ஒத்த ஓசைச் சொற்களைப் பழக்குவது என்பது இதைப் பழக்குவதுதான். பின்னாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதும் குழந்தை இதே வேலையைத்தான் செய்யப் போகிறது.

தமிழில் எது ஒத்த ஓசை?

பல பயிற்சி ஏடுகள் இங்கேயே தடுமாறிவிடுகின்றன. ஆங்கில மழலைப் பாடத்தின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசி ஓசை ஒன்றாக இருந்தால் போதும் என்று மரம், பழம், பணம், குளம் எனப் பட்டியல் போடுகின்றன. அந்தக் கணக்கில் தமிழின் பெயர்ச்சொற்களில் ஒரு பெரும் பகுதி ஒன்றுக்கொன்று ஜோடியாகிவிடும். எல்லாமே ஜோடி என்றால் குழந்தை எதைக் கவனித்துக் கேட்கும்?

தமிழ்க் காது நெடுங்காலமாக இரண்டாம் எழுத்தில் குடியிருக்கிறது. முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை, கடைசி ஓசை ஒன்றிவந்தால் இயைபு என்று யாப்பிலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. திருக்குறளின் முதல் குறளில் 'அகர', 'பகவன்' இரண்டிலும் ககரம் இரண்டாம் இடத்தில் நிற்பது எதுகை. எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலென்றால் இரண்டும் குறில், நெடிலென்றால் இரண்டும் நெடில். அதனால்தான் பட்டும் தட்டும் சேர்கின்றன, பட்டும் பாட்டும் சேர்வதில்லை. இலக்கணம் ஏதும் அறியாத பாட்டிகூட 'பட்டு, பாட்டு' என்று ஜோடி சேர்க்க மாட்டார்.

குழந்தைக்கு இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் ஒரு விதி போதும்: முதல் எழுத்தை மறைத்தால் மிச்சம் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்தின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். இந்த விதிப்படி எலிக்குப் புலி ஜோடி. தோசைக்கு மீசை ஜோடி. பூனைக்கு யானை ஜோடி. குழந்தையிடம் நான் 'ஜோடிச் சொல்' என்றுதான் சொல்வேன். செருப்புக்கு ஜோடி இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

தொடங்கும் முன்

மூன்று வயதில் கேட்டு மகிழ்வார்கள். பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதையொட்டி அடையாளம் காணத் தொடங்குவார்கள். தாமாகச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பின்னால். ஆறு மாதம் முன்பின் ஆவது இயல்பு. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். அதையும் சாப்பாட்டு நேரத்திலோ குளிக்கும்போதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ வைத்துக்கொண்டால் பாடம் என்ற வாடையே அடிக்காது. நோட்டு, பென்சில், பலகை எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

சொற்களைத் தேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. குழந்தை தொட்ட, தின்ற, பார்த்த பொருட்களின் பெயர்களை மட்டும் எடுங்கள். ஒரு சிறு இருப்பு தருகிறேன்:

கால், பால், வால்.
தட்டு, லட்டு, பட்டு, கட்டு.
வடை, கடை, சடை.
நண்டு, வண்டு.
தம்பி, கம்பி.
யானை, பானை.
மலை, தலை, வலை, இலை.

முதல் ஆறு வரிசைகளில் முதல் எழுத்தின் உயிரோசையும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். வடை, கடை இரண்டிலும் அகரம். இவைதான் காதுக்கு மிக எளியவை. முதல் இரண்டு வாரம் இவற்றோடு நில்லுங்கள். கடைசி வரிசையின் 'இலை' அந்த ஒழுங்கிலிருந்து விலகுகிறது. உயிர் மாறும் ஜோடிகள் (குடை–வடை, எலி–புலி, மீசை–தோசை, மயில்–குயில்) இரண்டாம் சுற்றுக்கு. மரம்–பழம் போல வால் மட்டும் ஒட்டுபவை எல்லாவற்றுக்கும் கடைசி. அவற்றைக் கற்பிக்காமலே விட்டாலும் நட்டமில்லை.

ஓரசைச் சொற்களில் ஒரு சிக்கல் உண்டு. கல், நெல் இரண்டிலும் முதல் எழுத்தை மறைத்தால் மிஞ்சுவது 'ல்' என்ற ஒற்று மட்டும். அது சின்னக் காதுக்குப் பற்றாது. ஆகவே ஓரசையில் உயிரும் ஒத்துவரட்டும்: கல்–பல், கண்–மண், மான்–நான். கை, பை, மை மூன்றும் அருமையான ஜோடிகள்தான், ஆனால் அவற்றில் முதல் எழுத்தை மறைத்தால் மிஞ்ச ஒன்றுமில்லை. இழுத்துச் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

முதல் படி: கேட்க மட்டும் விடுங்கள்

முதல் வாரம் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், குழந்தை கேட்கட்டும். தட்டை வைக்கும்போது "தட்டு, தட்டில் லட்டு" என்று சும்மா சொல்லிவிட்டு நகருங்கள். தலை துவட்டும்போது "தலை, மலை, வலை". சொல்லும்போது ஒத்துப்போகும் பகுதியைச் சற்றே அழுத்துங்கள்: த-ட்டு, ல-ட்டு. தாளத்துக்குத் தொடையைத் தட்டினால் இன்னும் நல்லது.

வீட்டில் வழங்கும் தாலாட்டும் நிலாவைக் கூப்பிடும் பாட்டும் கைவீசும் பாட்டும் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. புதிதாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நன்றாகப் பழகிய பாட்டில், ஜோடிச் சொல் வரும் இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். குழந்தை தானாக இட்டு நிரப்பும். நிரப்பாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். முகத்தில் ஏமாற்றம் காட்டாமல்.

இரண்டாம் படி: ஜோடியா, இல்லையா?

இரண்டு சொற்களைச் சொல்லி, ஜோடி என்றால் கைதட்ட வேண்டும், இல்லையென்றால் மூக்கைத் தொட வேண்டும் என்று வையுங்கள். "கால், பால்?" தட்டல். "கால், பந்து?" மூக்கு. ஆம், இல்லை என்று வாயால் பதில் சொல்வதைவிட உடம்பால் சொல்வதில் சிறு பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம். பேசக் கூச்சப்படும் குழந்தையும் கலந்துகொள்ளும்.

தொடக்கத்தில் ஜோடி அல்லாதவை வெகுதூரத்தில் இருக்கட்டும்: வடை–குரங்கு, பால்–தொப்பி. பிறகு மெல்ல நெருக்குங்கள். நெருக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள்: பல்–பந்து, மயில்–மணி. இங்கே நிறையக் குழந்தைகள் கைதட்டிவிடும். அது மோனையைக் கேட்ட காது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இந்த விளையாட்டுக்கு உரியதல்ல. "ரெண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, சரிதான். முடியும்போது?" என்று கேட்டு இரண்டையும் மறுபடி சொல்லுங்கள். இன்னொன்று, பொருளால் உறவான சொற்கள்: பால்–தயிர், அம்மா–அப்பா, வடை–தோசை. இதில்தான் அசல் சோதனை. 'வடை, தோசை' என்றதும் மூக்கைத் தொடுகிற குழந்தை, பொருளைக் கீழே வைத்துவிட்டது என்று அறியலாம்.

மூன்றாம் படி: சேராததைப் பிரிப்பது

இப்போதுதான் என் மயில், ரயில், கிளிக்கு முறை வர வேண்டும். நான் அதை முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு நீட்டியிருந்தேன்.

இந்த விளையாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர்கள், நான்கு ஐந்து வயதுள்ள சுமார் 400 ஆங்கிலக் குழந்தைகளிடம் சில சொற்களைச் சொல்லி, ஓசையால் சேராத சொல்லைப் பிரிக்கச் சொன்னார்கள். இதில் நன்றாகச் செய்த குழந்தைகள் பின்வந்த ஆண்டுகளில் படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே நின்றார்கள். இது 1983இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி: ஓசையில் பின்தங்கிய குழந்தைகளில் 65 பேரைத் தனியே எடுத்து, குழுக்களாகப் பிரித்து 2 ஆண்டுகள் பழக்கினார்கள். ஓசையோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துக் கையாண்ட குழுதான் படிப்பில் மிக அதிகம் முன்னேறியது. ஆங்கிலத்தில் கண்டது தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் எழுத்தமைப்பு வேறு. ஆனால் காதையும் எழுத்தையும் ஒரு கட்டத்தில் சந்திக்க வைக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் எனக்குக் கிடைத்தது. அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படங்களை வைத்தே தொடங்குங்கள். மூன்று சொற்களை நினைவில் நிறுத்துவதே நான்கு வயதுக்குச் சுமை. கால், வால், குடை. நண்டு, வண்டு, தலை. ஒவ்வொரு படத்தையும் தொட்டு, பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். கேள்வியின் சொற்களும் முக்கியம். "எது சேராது?" என்றால் இறக்கை கிடையாது என்ற பதில்தான் வரும். "எதன் சத்தம் வேறே?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றிய மறுவாரமே அந்தச் சிறுமி கிளியை எடுத்துத் தந்தாள், "பாவம், இதற்கு ஜோடி இல்லை" என்று.

குழந்தை சிக்கிக்கொண்டால் விடையைச் சொல்லாதீர்கள். முதல் எழுத்தை மறைக்கும் வித்தையைக் காட்டுங்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு முதல் எழுத்தை 'ம்' என்று விழுங்கிவிட்டு, கையை எடுத்து மிச்சத்தைச் சொல்ல வேண்டும்: ம்-ண்டு, ம்-ண்டு, ம்-லை. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மிச்சம் மட்டும் காதில் தனியாக நிற்கும்.

நான்காம் படி: ஜோடியைத் தேடுவது

ஒரு பையில் பத்துப் பொருட்களைப் போடுங்கள். சின்னத் தட்டு, பொம்மை நண்டு, கம்பி, பொட்டு அட்டை, பஞ்சு, முத்து, கையில் அகப்பட்டவை. "லட்டுக்கு ஜோடி எடு" என்றால் தட்டும் வரலாம், பொட்டும் வரலாம். வீட்டையே பையாக்கிக்கொள்ளலாம்: "கடைக்கு ஜோடி இந்த அறையில் எங்கே இருக்கிறது?" மூலையில் சாத்தியிருக்கும் குடை.

சரியானதை எடுத்தால், 'சபாஷ்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். "லட்டு, பொட்டு, ரெண்டிலும் 'ட்டு' கேட்கிறது" என்று ஏன் சரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தற்செயலாகச் சரியாக எடுத்த குழந்தைக்கும் அப்போதுதான் பிடி கிடைக்கும்.

ஐந்தாம் படி: தானாகச் சொல்வது

இங்கே வந்ததும் குழந்தைகள் பொருளில்லாத சொற்களைக் கொட்டுவார்கள். "வடை, கடை, பிடை, ஞடை." தடுக்காதீர்கள். பொருளே இல்லாத சொல்லை ஓசைக்காக மட்டும் உண்டாக்குகிற குழந்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஞடை என்றால் என்ன? திங்கிறதா, உடுத்துகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், கதையே கிடைக்கும். தமிழர் பேச்சில் இது புதிதுமல்ல. காப்பி கீப்பி, பஸ் கிஸ் என்று நாமே நாள் முழுக்க முதல் எழுத்தை 'கி' ஆக்கிக்கொண்டுதானே இருக்கிறோம்? அதையே விளையாட்டாக்கலாம்: நீங்கள் 'பானை' என்றால் குழந்தை 'கீனை' என்க வேண்டும், 'லட்டு' என்றால் 'கிட்டு'. நெடிலுக்குக் 'கீ', குறிலுக்குக் 'கி' என்பதை யாரும் சொல்லித்தராமலே செய்துவிடுவார்கள். எதுகையின் அளவு விதி அவர்கள் நாக்கிலேயே இருக்கிறது.

எண்களை வைத்து ஒரு விளையாட்டு என் வகுப்பில் நிலைத்துவிட்டது. இதைப் பேச்சு வழக்கில்தான் ஆட முடியும். ஒண்ணு, கண்ணு. ரெண்டு, நண்டு. மூணு, தூணு. நாலு, வாலு. அஞ்சு, பஞ்சு. ஆறு, சோறு. ஏழு, கூழு. எட்டு, லட்டு. பத்து, முத்து. நான் எண்ணைச் சொன்னால் குழந்தைகள் ஜோடியைக் கத்துவார்கள். ஒன்பதுக்கு இன்றுவரை எங்களுக்கு ஜோடி அமையவில்லை. அந்த முறை வரும்போது எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்வது என்று அவர்களே சட்டம் போட்டுவிட்டார்கள்.

வீட்டுப் பேச்சா, ஏட்டுத் தமிழா?

அந்த எண் விளையாட்டையே 'நான்கு, ஐந்து' என்று ஆடிப் பாருங்கள், பாதி ஜோடிகள் உடைந்துபோகும். குழந்தையின் காதில் இருப்பது வீட்டுப் பேச்சு. அங்கே பால் 'பாலு', இலை 'எலை', குடை 'கொடை'. நல்ல வேளையாக இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே சீராக நடப்பதால் ஜோடிகள் தப்பித்துவிடுகின்றன: பாலு, வாலு, காலு. சில இடங்களில் தப்புவதில்லை. வெயிலை 'வெய்யில்' என்று சொல்லும் வீட்டில் மயிலோடு அது முழுதாகச் சேராது. ஐந்து வயது வரை குழந்தையின் வாயில் எது வருகிறதோ அதையே ஜோடிக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 'நாலு–பாலு' என்று சொன்ன குழந்தையிடம் "நாலு இல்லை, நான்கு" என்று திருத்துவதைப் போல இந்தப் பயிற்சியைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. எழுத்துத் தமிழ் பள்ளியில் வரத்தான் போகிறது.

தமிழுக்கே உரிய இரண்டு குழிகள்

முதலாவது, விகுதிகள். நம் மொழி சொல்லின் வாலில் உருபையும் விகுதியையும் ஒட்டிக்கொண்டே போகும். வீட்டில், மரத்தில், பள்ளியில். வந்தான், போனான், தின்றான். "சாப்பிட்டேன், தூங்கினேன் ஜோடி!" என்று ஒரு குழந்தை சொன்னால் காது நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் இந்த வழியைத் திறந்துவிட்டால் பிறகு அதிலேயே நடக்கும், முயற்சியே தேவைப்படாது. ஆகவே நீங்கள் தரும் சொற்கள் உருபில்லாத பெயர்களாக இருக்கட்டும். குழந்தை விகுதி ஜோடி சொன்னால் ஏற்றுக்கொண்டு, "சரி, தம்பிக்கு ஒன்று சொல்" என்று பெயர்ச்சொல்லுக்குத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, ல, ள, ழ. பல்லிக்கு மல்லி ஜோடி, பள்ளிக்குப் புள்ளி ஜோடி. பல்லிக்குப் பள்ளி ஜோடியல்ல. அதைச் சொல்லித்தர இந்த வயது வேண்டாம். ழகரம் பல குழந்தைகளின் நாக்கில் தாமதமாகத்தான் வரும். பெரியவர்களிலேயே பலர் ழகரத்தை ளகரமாக்கிப் பேசுகிறோம். இவை மோதும் சொற்களைச் சோதனையில் வைக்காமல் ஒதுங்கிப் போங்கள். ரகர, றகர வேறுபாட்டுக்கும் இதே பதில்தான்.

ஆறாம் படி: எழுத்தைச் சந்திக்க வைப்பது

குழந்தைக்குச் சில எழுத்துகள் தெரிந்த பிறகு மட்டும் இது. ஒரு நீள அட்டையில் 'ட்டு' என்று பெரிதாக எழுதி, இடப்பக்கம் சிறிது இடம் விடுங்கள். த, ப, க, ல என்று நான்கு சிறு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக முன்னே வைக்க வைக்க, தட்டு பட்டாகும், பட்டு கட்டாகும், கட்டு லட்டாகும். இத்தனை நாள் காதில் மட்டும் நடந்தது கண்ணெதிரே நடக்கும். அதைப் பார்க்கும்போது சில குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அகர எழுத்துகள், ஏனென்றால் அவற்றில் கொம்போ காலோ இல்லை: த, ப, க. அடுத்து ஆகாரம்: 'ல்' அட்டைக்கு முன் கா, பா, வா. ஒற்று மட்டும் எழுதிய அட்டை என்பதால் இந்த வரிசையை உரக்கச் சொல்லிக்கொண்டே வையுங்கள். ஓகாரம் (கோடு, தோடு) கடைசியில். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதால் எது முதல் எழுத்து என்றே குழந்தை குழம்பும்.

வீட்டில் வேறு மொழி ஓங்கியிருந்தால்

டொரன்டோவிலோ லண்டனிலோ வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு இந்தக் காது பெரும்பாலும் ஏற்கெனவே திறந்திருக்கும், ஆங்கிலத்தின் வழியாக. அங்கே தடை சொல்லிருப்பு. இருபது தமிழ்ச் சொற்கள் தெரிந்த குழந்தையிடம் ஜோடி கேட்பது நியாயமில்லை. முதலில் கை, கால், கண், பால், தோசை, மீசை என்று பொருட்களை நன்றாகப் பழக்கிவிட்டு வாருங்கள். இரண்டு மொழியைக் கலந்து 'பஸ்' என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லைக் குழந்தை ஜோடியாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான்கைந்து மாதம் இப்படியெல்லாம் விளையாடியும், ஐந்து வயது கடந்த குழந்தைக்குக் கால்–பால்கூட ஜோடியாகக் கேட்கவில்லை என்றால், பயிற்சியை இரட்டிப்பாக்காதீர்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது வலித்த குழந்தையா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்து, மறுபடி முதல் படியிலிருந்து, தட்டிலிருந்தும் லட்டிலிருந்தும், தொடங்குங்கள்.